ஹால் ஆஃப் ஃபேம் கண்டுகொள்ளாத ஐவரில் முதலில் யார்?

ஆண்டின் முதல் மாதங்களில், ராக் இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் பரிந்துரைப் பட்டியல் வெளிவந்ததும், பழைய ராக் இசையில் ஊறிப்போன எங்கள் நண்பர் குழுவில் வாக்குவாதம் தொடங்கிவிடும். பட்டியலில் இடம்பெற்றவர்கள் தகுதியானவர்கள்தாமா என்ற கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இடம்பெறாதவர்களைப் பற்றிய பேச்சுதான் நள்ளிரவு வரை நீளும். இந்த முறை பேச்சு ஒரு முடிவை எட்ட வேண்டும் என்பதற்காக நிபந்தனை ஒன்று வைத்துக்கொண்டோம்: ஆளுக்கு ஒரே ஒரு பெயர்தான் சொல்லலாம், அதையும் மற்றப் பெயர்களோடு ஒப்பிட்டுக் காரணம் காட்டி எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பெயர்கள் கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், மோட்டர்ஹெட், டிக் டேல், ஃபேனி ஆகிய ஐந்து. எல்லோருமே என் அலமாரியில் நெடுநாளாக இருப்பவர்கள் என்பதால், யாரைக் கீழே இறக்கினாலும் மனம் சங்கடப்படுகிறது.

ஒப்பீட்டுக்கு முன் அந்த அமைப்பு நடக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் யாருக்காக வாதாடுவது என்பதை அதுவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய அஹ்மெட் எர்டெகன் முன்னின்று 1983-இல் அமைத்த அறக்கட்டளை, 1986-இல் சக் பெரி, எல்விஸ் பிரெஸ்லி, லிட்டில் ரிச்சர்ட் முதலானோரைக் கொண்டு தன் முதல் வரிசையை அறிவித்தது. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் அருங்காட்சியகம் 1995-இல் திறக்கப்பட்டது. முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆன எவரும் தகுதி பெறுவார்கள். ஆனால் அவர்களில் யாருடைய பெயர் வாக்குச்சீட்டில் அச்சாக வேண்டும் என்பதை ஒரு சிறிய பரிந்துரைக் குழு முடிவு செய்கிறது; அதற்குப் பிறகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்களும் விமர்சகர்களும் வாக்களிக்கிறார்கள். 2012 முதல் ரசிகர்களும் இணையத்தில் வாக்களிக்கலாம் என்றாலும், அத்தனை ரசிகர்களின் தேர்வும் சேர்ந்து ஒரே ஒரு வாக்குச்சீட்டாகவே எண்ணப்படுகிறது. இவை தவிர, வாக்கெடுப்பே இல்லாமல் தனிக் குழு நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பக்கவாசல்கள் இரண்டு உண்டு: இசைத் தாக்கத்துக்கான விருது ஒன்று, இசை மேன்மைக்கான விருது மற்றொன்று. ஜூடஸ் பிரீஸ்ட் 2022-இல் உள்ளே வந்தது இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான்.

தாமதம் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு எம்சி5 குழுவின் கதை ஒன்றே போதும். டெட்ராய்ட்டின் அந்த ஐவர் குழுவின் பெயர் ஆறு முறை வாக்குச்சீட்டில் வந்தும் தேறவில்லை. 2024 பிப்ரவரியில் கிதார் கலைஞர் வெய்ன் கிரேமர் மறைந்தார்; ஏப்ரலில் இசை மேன்மை விருது அறிவிக்கப்பட்டது; மே மாதம் டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் தாம்சனும் மறைந்தார். அக்டோபரில் விழா நடந்தபோது, விருதை வாங்க அந்த ஐவரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. டீப் பர்பிள் 2016-இல் நுழைந்தபோது அதன் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் இறந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. யெஸ் குழுவைத் தொடங்கி வளர்த்த கிறிஸ் ஸ்குவையர், குழு நுழைந்த 2017-க்கு இரண்டு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். மின் கிதாரை ராக் இசைக்கு முன்னோடியாக மீட்டிக் காட்டிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973-இல் மறைந்தவர். அவருடைய முறை வந்தது 2018-இல். இந்தப் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகு, யார் சிறந்தவர் என்ற கேள்வியோடு மட்டும் நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். இசையின் போக்கை யார் அதிகம் மாற்றினார்கள் என்று மட்டும் பார்த்தால், கிங் கிரிம்சனுக்குப் பக்கத்தில் மற்ற நால்வரையும் வைப்பது கடினம். 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சியில், ஓர் இசைத்தட்டுகூட வெளியிடாத நிலையில் பல லட்சம் பேர் முன் வாசித்தவர்கள் இவர்கள். அக்டோபரில் முதல் ஆல்பம் வந்தது. அதன் முதல் பாடலின் நடுப்பகுதியில் கிதாரும் சாக்சஃபோனும் டிரம்ஸும் ஒரே குரலில் சட்டென்று பாய்ந்து, சட்டென்று நின்று, மூச்சு விடும் அளவு மௌனம் விட்டு மறுபடி பாய்கின்றன. கோர்வையும் தீர்மானமும் கேட்டுப் பழகிய நம் காது அந்த இடத்தில் தானாகவே நிமிர்ந்து உட்காரும். அந்த ஆல்பத்தின் அட்டையில் அலறும் சிவந்த முகத்தை வரைந்த பேரி காட்பர், ஆல்பம் வெளிவந்து சில மாதங்களிலேயே, 24 வயதில் இறந்துபோனார். இந்தக் குழு ஒரே பாணியில் நெடுங்காலம் நின்றதில்லை. 1974-இல் குழுவின் தலைவரும் கிதார் கலைஞருமான ராபர்ட் ஃபிரிப் அதைக் கலைத்தார். 1981-இல் ஏட்ரியன் பிலூ, டோனி லெவின், பில் புரூஃபர்ட் ஆகியோரோடு, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும் இரட்டைக் கிதார் இசையோடு திரும்பி வந்தார். 2014-இல் மூன்று டிரம்ஸ் கலைஞர்களை மேடையின் முன்வரிசையில் உட்காரவைத்தார். 2021 டிசம்பரில் டோக்கியோவில் கடைசி நிகழ்ச்சியை முடித்தார்.

ஃபிரிப்பின் கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1977-இல் பெர்லினின் ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆங்கிலேயப் பாடகர் டேவிட் பௌவியின் 'ஹீரோஸ்' பாடலுக்கு வாசித்தபோது, ஒலிபெருக்கியிலிருந்து எந்தத் தூரத்தில் நின்றால் எந்த ஸ்வரம் அறுபடாமல் தானே பாடிக்கொண்டிருக்கும் என்று அளந்து, தரையில் அந்தந்த இடத்தில் டேப் ஒட்டி வைத்துக்கொண்டு, பாடல் நெடுக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து வாசித்தார். அந்தப் பாடலை வானளவு உயர்த்தும் நீண்ட இழை அப்படி வந்ததுதான்.

பௌவி 1996-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். கிங் கிரிம்சனில் வாசித்துவிட்டுப் போனவர்கள்கூட வேறு குழுக்களின் பெயரில் உள்ளே சென்றுவிட்டார்கள்: பில் புரூஃபர்ட் யெஸ் குழுவோடு 2017-இல், இயன் மெக்டொனால்ட் ஃபாரினர் குழுவோடு 2024-இல், போஸ் பரல் பேட் கம்பெனியோடு 2025-இல். அவர்களை உருவாக்கிய பட்டறையின் பெயர் மட்டும் 1994 முதல் தகுதி பெற்றிருந்தும் ஒரு முறைகூட வாக்குச்சீட்டில் ஏறவில்லை. சிக்கலான ஆங்கிலேய ராக் இசையின் மீது அமெரிக்க விமர்சகர்களுக்கு இருந்த பழைய ஒவ்வாமைதான் காரணம் என்பது என் கருத்து. ஜெனிசிஸ், யெஸ், மூடி ப்ளூஸ் எல்லாம் நுழைந்த பிறகும் அந்த ஒவ்வாமையின் மிச்சம் இங்கே தங்கியிருக்கிறது.

ஜெத்ரோ டல் இதே ஒவ்வாமைக்கு ஆளான குழுதான், ஆனால் இவர்களுடைய வழக்கு வேறு மாதிரி. கிங் கிரிம்சன் மற்ற இசைக்கலைஞர்களை மாற்றியது. ஜெத்ரோ டல் மக்களை நேரடியாகச் சென்றடைந்தது. ஒரே பாடல் இரு பக்கமும் ஓடும் ஆல்பங்களை 1972-இலும் 1973-இலும் வெளியிட்டு, இரண்டையும் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோன குழு வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. குழுவின் தலைவரும் பாடகருமான இயன் ஆண்டர்சன் 1967-இல் தன் கிதாரைக் கொடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வாங்கி, ஆசிரியர் இல்லாமல் தானே கற்றவர். ஊதும்போதே குரலும் எழுப்பி, மூச்சின் சீறலையும் இசைக்குள் சேர்த்துக்கொள்வார். நம் கச்சேரிக் குழலுக்குப் பழகிய எனக்கு முதலில் அது குறையாகவே பட்டது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் இசையை அவர்கள் எடுத்து வாசித்த 1969 பதிவைப் பலமுறை கேட்ட பிறகே, அந்தச் சீறல்தான் மின் கிதாருக்கு எதிரே குழலை நிமிர்ந்து நிற்க வைக்கிறது என்பது புரிந்தது. உலகமெங்கும் வாசித்துப் புகழடைந்து இருபது ஆண்டுகளுக்குமேல் ஆன பிறகு, பள்ளியில் குழல் கற்கத் தொடங்கிய அவருடைய மகள், அப்பா விரல் வைக்கும் முறை தவறு என்று கண்டு சொல்ல, ஆண்டர்சன் முறையான விரலமைப்பை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். நாற்பது வயதுக்குமேல் அடிப்படைப் பாடத்துக்குத் திரும்பிய அந்த அடக்கம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவர்களுக்குப் பெரும் கௌரவம் ஒன்று கிடைத்தது உண்டு, அதுவே தீங்காகவும் முடிந்தது. 1989 கிராமி விழாவில் ஹார்ட் ராக், மெட்டல் பிரிவுக்கு முதன்முதலாக விருது அறிவித்தபோது, எல்லோரும் மெட்டாலிகாவை எதிர்பார்த்திருக்க, ஜெத்ரோ டல்லின் பெயர் வாசிக்கப்பட்டது. வெற்றி வாய்ப்பில்லை என்று நம்பி இவர்கள் விழாவுக்கே போகவில்லை. கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்பு இன்றுவரை இவர்களைப் பற்றிய முதல் செய்தியாக நிலைத்துவிட்டது. தவறான பிரிவில் வைத்தவர்கள் நடுவர்கள், பழி விழுந்தது இசைக்கலைஞர்கள் மேல். இருந்தாலும் ஆண்டர்சன் இன்றும் புதிய ஆல்பங்கள் வெளியிடுகிறார், ஊர் ஊராக வாசிக்கிறார், அரங்குக்கு மக்களும் வருகிறார்கள். விருது இல்லாமலும் இந்தக் குழுவின் பெயர் எங்கும் போய்விடாது.

மோட்டர்ஹெட் குறித்து அதிகம் எழுத வேண்டியதில்லை, அந்த இசையின் தகுதியில் எனக்கு ஐயமே இல்லை என்பதால். ஒலிவாங்கியைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்து, அண்ணாந்து பார்த்துப் பாடிய லெம்மி, பேஸ் கிதாரை ரிதம் கிதார் போலக் கோர்த்து மீட்டியதால் எழுந்த ஓசை, பங்க் இசைக்கும் மெட்டல் இசைக்கும் நடுவில் இருந்த வேலியைப் பிடுங்கிப் போட்டது. இவர்களிடம் கற்றதை மறைக்காமல் சொல்லிவரும் மெட்டாலிகா 2009-இல் நுழைந்தது. இவர்களுடைய பெயர் 2020 வாக்குச்சீட்டில் வந்து போனதோடு சரி. டிரம்ஸ் கலைஞர் ஃபில் டெய்லர் 2015 நவம்பரிலும், லெம்மி அதே ஆண்டு டிசம்பர் 28-இலும், கிதார் கலைஞர் எடி கிளார்க் 2018 ஜனவரியிலும் மறைந்துவிட்டார்கள். அந்த மூவருக்கும் செய்ய வேண்டியதைச் செய்யும் காலம் கடந்துவிட்டது. இன்று செய்தாலும், ஐந்து ஆண்டு கழித்துச் செய்தாலும், அவர்கள் வரையில் வேறுபாடு இல்லை.

டிக் டேல் விஷயத்திலும் காலம் கடந்துவிட்டதுதான், ஆனால் அவருக்கு எந்த வாசல் பொருந்தும் என்பது தெளிவாக இருக்கிறது. லெபனானியத் தந்தைக்கு 1937-இல் பாஸ்டனில் பிறந்தவர் இவர். சிறுவயதில் உறவினர் வாசிக்கக் கேட்ட ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியமும் அரபு மேளத்தின் தாளமும், பின்னாளில் கலிஃபோர்னியக் கடற்கரையில் இவர் மின் கிதாரில் விரைந்து மீட்டிய சர்ஃப் இசைக்குள் இறங்கின. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் 'மிசிர்லூ' என்ற பழைய மெட்டை 1962-இல் இவர் வாசித்த வேகத்தை இன்றும் கிதார் பயில்வோர் அஞ்சிப் பார்க்கிறார்கள். இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்குக் கட்டிய தந்திகளை மாற்றாமல் கிதாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். பல்பொவா ரெண்டெஸ்வூ நடன அரங்கின் ஆரவாரத்துக்கு ஈடுகொடுக்கும் ஓசையை அவர் கேட்கக் கேட்க, லியோ ஃபெண்டர் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. கடைசியில் அவருக்காகவே 100 வாட் ஆம்ப்ளிஃபயரும் 15 அங்குல ஒலிபெருக்கியும் உருவாயின. பெரிய அரங்குகளில் ராக் இசை ஒலிக்கும் விதத்துக்கே அது ஒரு தொடக்கம். அவருடைய மெட்டுகளை 1963-இல் எடுத்து வாசித்த பீச் பாய்ஸ் 1988-இல் கௌரவம் பெற்றார்கள். இவரோ கடும் நோய்களோடு, மருத்துவச் செலவுக்காகவே எண்பது வயதிலும் ஊர் ஊராகப் போய் வாசித்து, 2019 மார்ச்சில் மறைந்தார். லிங்க் ரே 2023-இல் வந்த இசைத் தாக்க விருதின் வழியே இவரையும் அழைப்பதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. குழு ஒன்று கூடி முடிவெடுத்தால் போதும். வாக்குக்காக வாதாடும் என் ஒரே வாய்ப்பை, வாக்கே தேவைப்படாத ஒருவருக்காகச் செலவிடுவது முறையாகாது.

இனி ஃபேனி, பெண்கள் மட்டுமே கொண்ட அமெரிக்க ராக் குழு. பிலிப்பினோத் தாய்க்கும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியான தந்தைக்கும் மணிலாவில் பிறந்த ஜூன் மில்லிங்டனும் ஜீன் மில்லிங்டனும் 1961-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். புதிய ஊரில் நிறத்தாலும் பேச்சாலும் ஒதுக்கப்பட்ட அந்தச் சகோதரிகள், உகுலேலேயில் தொடங்கி மின் கிதாருக்கும் பேஸ் கிதாருக்கும் வந்து, பள்ளி நாட்களிலேயே பெண்கள் மட்டும் கொண்ட குழுவை நடத்தினார்கள். டிரம்ஸில் ஆலிஸ் டி பூரும், கீபோர்டில் நிக்கி பார்க்லேயும் சேர, 1970-இல் ரீப்ரைஸ் நிறுவனம் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பெண்கள் மட்டுமே வாசித்த ஒரு ராக் குழு, பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் முழு ஆல்பம் கொண்டுவந்தது அதுவே முதல் தடவை. 1974-க்குள் ஐந்து ஆல்பங்கள் வந்தன. ஒன்று பீட்டில்ஸின் ஆப்பிள் கூடத்தில் ஜெஃப் எமெரிக் ஒலிப்பதிவில் உருவானது, இன்னொன்றைத் தயாரித்தவர் டாட் ரண்ட்கிரன்.

முதன்முதலில் செய்தார்கள் என்பது மட்டும் ஒரு குழுவைக் கொண்டாடப் போதாது, இசை நன்றாக இருக்க வேண்டும். ஜெர்மன் தொலைக்காட்சியின் பீட் கிளப் நிகழ்ச்சியில் 1971-இல் அவர்கள் நேரடியாக வாசித்த பதிவு கிடைக்கிறது. மார்வின் கேயின் ஒரு பாடலை எடுத்து, அதன் நளினத்தைக் கெடுக்காமல் எடையை மட்டும் கூட்டி வாசிக்கிறார்கள். ஸ்லைடு கிதாரை ஜூன் கையாளும்போது முகத்தில் எந்த அலட்டலும் இல்லை. ஜீனின் பேஸ் கிதார் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு நடக்கும் நடையில் ஓர் இடமும் தளரவில்லை. வாசித்தபடியே பாடவும் செய்கிறார்கள். அந்த ஆண்டில் அமெரிக்காவில் மேடையேறிய எந்த ஆண் குழுவோடும் இதை வைத்துப் பார்க்கலாம். டேவிட் பௌவி 1999-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று இது, இவர்களை யாருமே பேசுவதில்லை என்று மனம் வருந்திச் சொன்னார். பௌவி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஃபேம்' பாடலின் பின்னணிக் குரல்களில் ஒன்று ஜீனுடையது.

இவ்வளவு இருந்தும் என்ன நடந்தது? விளம்பரங்கள், அமெரிக்கக் கொச்சையில் பின்புறத்தையும் குறிக்கும் அவர்கள் குழுவின் பெயரை வைத்து இரட்டை அர்த்தத்தில் விளையாடின. பெண்கள் இப்படி வாசிப்பார்களா என்ற வியப்பைத் தாண்டி, என்ன வாசித்தார்கள் என்று எழுதிய விமர்சகர்கள் குறைவு. உடலைக் காட்டும் உடைகளை அணிய வேண்டும் என்ற நெருக்குதல் வந்தபோது ஜூன் மனம் உடைந்து விலகினார். குழு கலைந்த பின், இளம் பெண்களுக்கு இசையும் ஒலிப்பதிவும் கற்றுத்தரும் நிறுவனம் ஒன்றைத் தோழியோடு சேர்ந்து தொடங்கி, பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறார். 2018-இல் சகோதரிகள் மறுபடி சேர்ந்து ஆல்பம் கொண்டுவந்த சமயத்தில் ஜீனைப் பக்கவாதம் தாக்கியது. மேடைக்குத் திரும்பும் அப்போதைய திட்டம் அதோடு நின்றுபோயிற்று. 1995 முதல் தகுதி இருந்தும், அவர்கள் பெயர் ஒரு முறையும் வாக்குச்சீட்டில் வந்ததில்லை. அவர்களுக்குப் பின் வந்த ஜோன் ஜெட் 2015-இலும், கோ-கோஸ் 2021-இலும் நுழைந்துவிட்டார்கள்; அதில் எனக்கு மகிழ்ச்சியே.

என் நண்பர்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும்: இவர்களுடைய பாடல் எதுவும் அமெரிக்கப் பட்டியலில் 29-ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. ஆனால் விற்பனையை அளவுகோலாக வைத்தால், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் 1996-இலும் ஸ்டூஜஸ் 2010-இலும் நுழைந்திருக்கவே முடியாது. வாழ்ந்த காலத்தில் விற்காத இசையும் வரலாற்றை மாற்றலாம் என்பதை அந்த அமைப்பே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: தாக்கம் என்று பார்த்தால் கிங் கிரிம்சனின் தடம் ஆழமானது, அதைத் தொட்டுக் காட்டவும் முடியும். இதை நான் மறுக்கவில்லை. பல நாள் கிங் கிரிம்சனின் பெயரையே எழுதி வைத்திருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு சிறு சோதனை. இசைத்தட்டுக் கடைகளும் இணையப் பட்டியல்களும் கிங் கிரிம்சனின் ஒவ்வொரு நிகழ்ச்சிப் பதிவையும் பெட்டி பெட்டியாக மறுவெளியீடு செய்கின்றன. ஜெத்ரோ டல் இன்னும் சுற்றுகிறது. மோட்டர்ஹெட்டின் சின்னம் பொறித்த சட்டை நம் ஊர் நடைபாதைக் கடைகளிலும் தொங்குகிறது. ஃபேனியின் பெயரை, ராக் இசையை ஆழமாகக் கேட்கும் ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஹால் ஆஃப் ஃபேமின் அறிவிப்பு வரும் நாளில் மற்ற நால்வருடைய ரசிகர்கள் நிம்மதியடைவார்கள். ஃபேனியின் பெயர் வந்தால் அன்று இரவே பல்லாயிரம் பேர் அவர்களை முதன்முதலாகக் கேட்பார்கள். அந்தச் சகோதரிகள் இருவரும் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள்.

ஆகவே என் சீட்டில் ஃபேனியின் பெயரை எழுதுகிறேன். இரண்டாவது பெயருக்கு இடம் தந்தால் கிங் கிரிம்சன், டிக் டேலுக்குத் தாக்க விருது என்று சேர்த்து எழுதத் தயாராக இருக்கிறேன். நண்பர்கள் கூடும் அன்று நான் வாதாடத் தொடங்கும் முன் பீட் கிளப் பதிவைப் போட்டுக் காட்டப்போகிறேன். ஸ்லைடு கிதார் நுழையும் இடம் வரை யாரும் பேசக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள்.